குட்டி யானைக்கு நாலு கால்: பெங்களூரில் லோடு வண்டி டயரை நெடுநாள் ஓட்டுவது எப்படி

பெங்களூருக்கு லோடு வண்டி ஓட்ட வருகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய கன்னடம் "முந்தே எஷ்டு? ஹிந்தே எஷ்டு?" என்ற இரண்டு கேள்விகள்தான். பெட்ரோல் பங்கில் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் கேட்பது அது. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு? நம் ஆட்களில் பலர் "நீயே பார்த்துப் போடுப்பா" என்று தலையாட்டிவிடுகிறார்கள். அவன் நாள் முழுக்கக் காருக்குக் காற்றடிக்கிறவன். கைப்பழக்கத்தில் நாலு டயருக்கும் 32, 35 என்று வைத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிடுவான். முக்கால் டன் ஏற்றப்போகிற வண்டியின் பின் டயருக்கு அது போதவே போதாது.

காற்றைக் கன்னடத்தில் "காளி" என்பார்கள். வந்த முதல் வாரம் எவனோ "காளி, காளி" என்று கத்த, டயர்தான் காலியாகிவிட்டதோ என்று நான் பதறி இறங்கிப் பார்த்தேன். மூவத்து என்றால் முப்பது, நலவத்து நாற்பது, ஐவத்து ஐம்பது. இந்த மூன்று எண்ணும் வாயில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நான் தருமபுரிப் பக்கம். பதினாறு வருஷமாகப் பொம்மசந்திராவில் இருந்துகொண்டு வண்டி ஓட்டுகிறேன். ஊரில் குட்டி யானை என்று நாம் சொல்கிற டாடா ஏஸில் ஆரம்பித்தேன், இப்போது அசோக் லேலண்ட் தோஸ்த். விடியற்காலையில் ஓசூர்க் காய்கறி கே.ஆர். மார்க்கெட்டுக்கு, பகலில் கிடைத்தால் பீன்யா, ஜே.சி. ரோடு. கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து புதிதாக வண்டி எடுத்துக்கொண்டு வருகிற பையன்கள் டீசல் கணக்கைப் பைசா சுத்தமாகப் போடுகிறார்கள். டயரை மட்டும் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு கூட்டல் கழித்தல். பேச்சுக்கு ஒரு டயர் 4,000 ரூபாய் என்று வையுங்கள். அது 40,000 கி.மீ. ஓடினால் கிலோமீட்டருக்கு 10 பைசா. 25,000-லேயே மொட்டையாகிவிட்டால் 16 பைசா. நாலு டயருக்கும் சேர்த்து 24 பைசா வித்தியாசம். ஒரு நாளைக்கு 100 கி.மீ., வருஷத்துக்கு 300 நாள் ஓட்டுகிறவருக்கு அது 7,200 ரூபாய். வண்டி டியூவில் ஒரு மாசத்துக்கு நல்ல கை கொடுக்கும் பணம். அதற்கான செலவு ஒரு காற்று மானி, பட்டன் (டயர் முகத்தில் எழும்பி நிற்கும் ரப்பர்) எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஓர் ஆழ அளவி, வாரம் இருபது நிமிஷம்.

டயர் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது

வண்டியை நிழலில் நிறுத்தி, ஒரு ஈரத்துணியால் டயரின் பக்கச் சுவரைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். குட்டி யானையில் பெரும்பாலும் 145 ஆர் 12 எல்.டி. 8 பி.ஆர். என்று இருக்கும். 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். ஆர் என்றால் ரேடியல். 12 என்பது டயர் உட்காரும் டிஸ்க்கின், அதாவது இரும்புச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். எல்.டி. என்றால் இலகுரக லாரிக்கானது. 8 பி.ஆர். என்பது அடுக்கின் பலம். அதே அளவில் விலை குறைந்த, அடுக்குக் குறைந்த கார் டயரை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். வெறும் வண்டியில் வித்தியாசம் தெரியாது. லோடு ஏறியதும் வயிறு பிதுங்கி நிற்கும்.

பக்கத்தில் 86/84 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். இது எடைக் குறியீடு. 86 என்றால் அந்த ஒற்றை டயர் தாங்கக்கூடியது 530 கிலோ. பின்னால் இரண்டு டயர், ஆக 1,060 கிலோ. இதில் வண்டியின் சொந்த எடையும் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாக, டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. புது டயர் வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள். கடை மூலையில் இரண்டு மூன்று வருஷம் கிடந்த டயரும் புதுசுபோலப் பளபளக்கும். ஜோடியாக வாங்குகிற இரண்டுக்கும் தேதி கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். டயர் செய்முறைக் குறையால் பிதுங்கினால் வாரண்டி கேட்க அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

காற்று: மற்றதெல்லாம் இதற்குப் பிறகு

டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) எண், அந்த டயர் முழு எடை தாங்கும்போது வேண்டிய உச்சக் காற்று. அது உங்கள் வண்டிக்கான அளவு அல்ல. வண்டிக்கான அளவு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பழைய வண்டியில் அது உரிந்துபோயிருந்தால் வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, சில வண்டிகளில் லோடுக்கு ஒன்று, வெறும் வண்டிக்கு ஒன்று என்று பிரித்தே போட்டிருப்பார்கள். அந்த எண்களை டாஷ்போர்டில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். அழகு கெட்டால் கெடட்டும்.

காற்றை எப்போது பார்ப்பது? டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் வண்டி எடுக்கும் முன், அல்லது எடுத்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள். அதனால்தான் சொந்தமாக ஒரு மானி வேண்டும் என்கிறேன். பங்குக்குப் போய்ச் சேருவதற்குள் சில்க் போர்டு சிக்னல் நெரிசலிலேயே டயர் சூடாகிவிடும். 50 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்று ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. ஏறும். மத்தியானம் பார்த்து "அதிகமாயிருக்கே" என்று திறந்துவிட்டால், மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். சூட்டில் ஏறிய காற்றை ஒருநாளும் இறக்காதீர்கள். வீட்டு வாசலில் காலையில் அளந்து, எந்த டயருக்கு எத்தனை குறைகிறது என்று குறித்துக்கொண்டு, பங்கில் அந்த வித்தியாசத்தை மட்டும் ஏற்றிக்கொள்வது என் வழக்கம். பங்கில் காற்று இலவசம். கை நீட்டுகிற பையனுக்கு டீக்காசு கொடுப்பது உங்கள் மனசு.

இனி லோடு வண்டிக்கே உரிய சிக்கல். காரில் எப்போதும் ஏறக்குறைய ஒரே எடைதான். நம் வண்டி போகும்போது முழு லோடு, திரும்பும்போது வெறும் பெட்டி. லோடுக்கு ஏற்றபடி காற்று வைத்தால், வெறும் வண்டியில் டயர் கல்லுப்போல் நின்று நடுப்பகுதி மட்டும் தரையில் உரசும், நடுவில் தேயும். வெறும் வண்டிக்கு ஏற்றபடி வைத்தால், லோடு ஏறியதும் டயர் அமுங்கி இரண்டு ஓரமும் தேயும். அது மட்டும் இல்லை, பக்கச் சுவர் சுழற்சிக்குச் சுழற்சி மடிந்து மடிந்து உள்ளே சூடு ஏறும். டயர் வெடிப்பது பெரும்பாலும் இந்தச் சூட்டினால்தான். வெயிலைக் குற்றம் சொல்வார்கள், காரணம் காற்றுக் குறைவு.

ஆகவே என் முடிவு இது. தினமும் லோடு ஏற்றுகிறவர் லோடுக்கான காற்றையே வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி கொஞ்சம் கூடுதலாகத் தேயும் நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஓரம் வெந்துபோன டயரைவிட அது எவ்வளவோ மேல். ட்ரிப்புக்கு ட்ரிப் காற்றை ஏற்றி இறக்குவது நடைமுறைக்கு ஆகாது. எங்காவது மறந்து முழு லோடில் குறைந்த காற்றோடு போய்விடுவோம். ஆனால் வேலை இல்லாமல் ஒரு வாரம் வெறும் வண்டியாகவே ஓடப்போகிறது, அல்லது சாமான் இல்லாமல் ஊருக்குப் போய் வரப்போகிறீர்கள் என்றால் பின் டயரைக் கையேட்டில் வெறும் வண்டிக்குச் சொன்ன அளவுக்கு இறக்கலாம். வெறும் வண்டி பின்னால் துள்ளுவதும் குறையும், மழையில் பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் இழுத்துக்கொண்டு போவதும் குறையும்.

நைட்ரஜன் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். சுத்த நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும், ஈரப்பதம் இருக்காது. அவ்வளவே. அதை அடித்துவிட்டு இரண்டு மாதம் மானியைத் தொடாமல் இருப்பதைவிட, ஓசிக் காற்றை வாரம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

வால்வு மூடி இல்லாத வண்டி எத்தனை! அந்தத் துளியூண்டு மூடி இல்லாமல் மண் உள்ளே போனால் வால்வு மெல்லக் கசியும். விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் ஊசியை மாற்றச் சொல்லுங்கள், இரண்டு நிமிஷ வேலை.

இன்னொன்று, சென்னை வரை ஓட்டுகிறவர்களுக்கு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இங்கே வைத்த காற்று அங்கே இறங்கியதும் மானியில் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்டும், ஆனால் அங்கே அடிக்கிற வெயிலில் அதற்கு மேலேயே ஏறிவிடும். ஆகவே கவலைப்பட வேண்டாம், அங்கேயே ராத்தங்கினால் மறுநாள் காலையில் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

கையால் தடவிப் பாருங்கள்

நான் வந்த புதிதில் என் முன் டயர் இரண்டும் 18,000 கி.மீ.க்குள் போய்விட்டன. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. எஃப்.சி.க்காகக் கொண்டுபோய் ஜாக்கி வைத்துத் தூக்கியபோதுதான் உள்பக்க ஓரம் நூல் தெரியும் அளவுக்கு வழித்துப்போயிருந்தது தெரிந்தது. அதற்கு முன் ஒரே கடையில் இரண்டு முறை வீல் அலைன்மென்ட் செய்திருந்தேன். கம்ப்யூட்டர் தாளில் பச்சைப் பச்சையாக எண்களைக் காட்டிக் காசு வாங்கினார்கள். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் முனை ஆடிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆடுகிற பாகத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால் அது கடை வாசலைத் தாண்டும் வரைதான். கலாசிப்பாளையத்தில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணாதான் சொல்லிக்கொடுத்தார்: "தம்பி, கண்ணால பாக்காத. கையால பாரு."

அந்தப் பாடத்தைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

சமதரையில், வெறும் வண்டியில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஸ்டீயரிங்கை ஒருபக்கம் முழுதாக ஒடித்தால் முன் டயரின் முகம் முழுசாகத் தெரியும். முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கையை வைக்காதீர்கள், ஊசிபோல ஏறும். இல்லையென்றால் உள்ளங்கையை டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழு, திருப்பித் தடவினால் ரம்பப்பல் போலச் சொரசொரப்பு என்றால் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, சரியில்லை. உள்ளிருந்து வெளியே தடவும்போது உறுத்தினால் சக்கரங்கள் முன்னால் அளவுக்கு மேல் உள்நோக்கி நிற்கின்றன. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது உறுத்தினால் வெளிநோக்கி நிற்கின்றன. கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதற்குப் பல நாள் முன்பே கைக்கு இது தெரிந்துவிடும். அந்த அண்ணா சொன்னதன் அர்த்தம் அதுதான்.

அடுத்து, நீள வாட்டில் தடவுங்கள். மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது அல்லது பேலன்ஸிங் போய்விட்டது. ஒரே இடத்தில் மட்டும் வட்டமாகத் தேய்ந்திருந்தால் என்றோ அடித்த அவசர பிரேக்கின் தழும்பு அது. ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்கிறதா? ஓட்டி வந்து நிறுத்தியதும் அந்தச் சக்கரத்தின் டிரம்முக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். மற்றவற்றைவிட அனலடித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு ஜாக்கி வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, கடிகார முள்ளின் 3 மணிக்கும் 9 மணிக்கும் இருகையால் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் டை ராடு முனையைச் சந்தேகப்படுங்கள். 12-க்கும் 6-க்கும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பேரிங் அல்லது கிங் பின். இவற்றை மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். குட்டி யானை போல முன்னச்சு ஒரே தண்டாக உள்ள வண்டிகளில் சாதாரணமாகச் சரிசெய்யக்கூடியது டோ மட்டும்தான். "கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) சேர்த்துச் செய்துவிட்டேன்" என்று கூடுதல் காசு கேட்டால், எங்கே திருகினாய் என்று காட்டச் சொல்லுங்கள். கடைக்குப் போகும் முன் நாலு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அளவே தப்பாக வரும்.

ஆழ அளவியையும் கையோடு பயன்படுத்துங்கள். பேச்சுக்குப் புது டயரில் 8 மி.மீ. ஆழம். பட்டன் இடைவெளியில் சின்ன மேடாக ஒரு தடம் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் மீதி 1.6 மி.மீ., சட்டப்படி அதுதான் எல்லை. ஆக, செலவழிக்க இருப்பது 6.4 மி.மீ. 5,000 கி.மீ.க்கு 1 மி.மீ. போகிறது என்றால் அந்த டயர் 32,000 வரை வரும். 1.5 மி.மீ. போகிறது என்றால் 21,000 சொச்சம்தான், எங்கோ கோளாறு. உள்ஓரம், நடு, வெளிஓரம் என்று மூன்று இடத்தில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் நோட்டு ட்ரிப் கணக்கு எழுதுகிற அதே நோட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பி எழுதியது.

இடம் மாற்றிப் போடுவது

8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றுங்கள். முன்னும் பின்னும் ஒரே வகை டயராக இருந்தால், பின் சக்கரம் இழுக்கும் நம் வண்டிகளுக்கு வழக்கமான முறை இது: பின் டயர் இரண்டும் அதே பக்கத்தில் நேராக முன்னுக்கு வரும், முன் டயர் இரண்டும் குறுக்காகப் பின்னுக்குப் போகும், அதாவது இடது முன் வலது பின்னுக்கு, வலது முன் இடது பின்னுக்கு. டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் குறுக்கே மாற்றக்கூடாது. முன்னால் கோடு பட்டன், பின்னால் கட்டை பட்டன் போட்டிருப்பவர்கள் முன் பின் மாற்ற வேண்டாம், இடம் வலம் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு காற்றையும் மாற்றி வைக்க மறக்காதீர்கள். பின்னாலிருந்து வந்த டயரில் பின்னுக்கான காற்றே இருக்கும்.

நட்டை வட்டமாக வரிசையில் முடுக்காமல் எதிரெதிராக முடுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் நைலான் (ரேடியல் அல்லாத ரகம்) என்று கலக்கவே கூடாது.

லோடு

ஆர்.சி.யில் வெறும் எடை, மொத்த எடை என்று இரண்டு இருக்கும். கழித்தால் வருவது நீங்களும் கிளீனரும் உட்பட ஏற்றக்கூடியது. 750 கிலோ என்று வந்தால் 50 கிலோ சிமென்ட் மூட்டை பதினைந்தோடு கதை முடிந்தது, இரண்டு ஆள் எடையே அதில் இரண்டரை மூன்று மூட்டையைத் தின்றுவிடும். பார்ட்டி "இன்னும் அஞ்சு மூட்டைதானே அண்ணா" என்பார். அந்த ஐந்து மூட்டை ஏறக்குறைய முழுதும் பின் அச்சில்தான் உட்காரும். வாடகை கூட்டித் தருவது எத்தனை என்றும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் டீச் செலவுக்குத்தான் ஆகும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம் தனி.

எடையை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். கனமான சாமான் கேபினை ஒட்டி ஆரம்பித்துப் பின் அச்சுக்கு மேலே வரை வர வேண்டும். பெட்டியின் வாலில் கனத்தை வைத்தால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும், பின் டயர் நசுங்கும். சந்தேகம் இருந்தால் எடை மேடையில் வண்டி முழுவதையும் ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். அந்த 1,060 கிலோ கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா?

பெங்களூர் ரோடு

இந்த ஊரில் டயரைத் தின்கிறவை குழிகள் மட்டும் அல்ல. சிமென்ட் போட்டு உயர்த்திய ரோடும் பழைய தார் ரோடும் சேரும் இடத்தில் ஒரு படிக்கட்டு நிற்கும். சந்துக்குள் திரும்பும்போது அதில் சாய்வாக ஏறினால் பக்கச் சுவர் கிள்ளிப்போகும். மெதுவாக, முடிந்தவரை நேர்கோணத்தில் ஏறுங்கள். நடைபாதைக் கருங்கல் ஓரத்தில் உரசி நிறுத்துவதும் அதே ரகம். பக்கச் சுவரில் வெட்டு விழுந்தால் ஒட்டு கிடையாது, டயரைக் கழற்ற வேண்டியதுதான்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முறுக்காதீர்கள். மார்க்கெட் சந்துகளில் லோடு வண்டியை அங்குலம் அங்குலமாகத் திருப்பும்போது, சக்கரம் ஒரு முழமாவது உருளத் தொடங்கிய பிறகு ஒடியுங்கள். நின்றபடி ஒடிக்கும் ஒவ்வொரு முறையும் முன் பட்டன் தரையில் அழிரப்பராக உரசுகிறது. நெரிசலான நேரத்தில் சரக்கு வண்டிக்கு நகருக்குள் தடை இருக்கிறதென்று, நேரத்துக்கு முன் உள்ளே போய்விட ஓசூர் ரோட்டில் பறக்கிறவர்கள் அதிகம். கால் மணி முன்னதாகக் கிளம்புவது மலிவு. முன்னால் சிக்னல் சிவப்பு என்று தெரிந்தும் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்திருப்பது டீசலையும் தின்னும், டயரையும் தின்னும்.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஈர ரப்பரைக் கண்ணாடியும் கல்லும் எளிதாக வெட்டும். ரப்பர் வேலை செய்கிறவர்கள் கத்தியை நனைத்துக்கொண்டு ரப்பர் அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டட வேலை நடக்கிற இடத்துக்கு லோடு இறக்கிவிட்டு வந்தால் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் பட்டன் இடுக்கில் சிக்கிய ஜல்லியை நெம்பி எடுத்துவிடுங்கள். விட்டால் அது உருண்டு உருண்டு உள்ளே துளை போடும்.

ஊர்ப்பக்கம் போகும்போது தருமபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம். அங்கே பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கினால் டிரம் சூடு டிஸ்க் வழியாக டயருக்கு ஏறும். ஏறுவதற்கு எந்த கியரோ அதே கியரில் இறங்குங்கள்.

பஞ்சரும் ஸ்டெப்னியும்

ட்யூப் உள்ள டயரில் காற்றுப் போன பிறகு "அடுத்த கடை வரைக்கும்" என்று நூறு மீட்டர் உருட்டினாலும் பக்கச் சுவர் உள்ளே அரைபட்டுவிடும். அங்கேயே மாற்றுங்கள். புது டயருக்குப் பழைய ட்யூபைப் போடாதீர்கள். அது ஏற்கெனவே நீண்டுபோயிருக்கும், உள்ளே மடிந்து கிழியும். ட்யூப்லெஸ் என்றால் வெளியிலிருந்து திணிக்கும் கயிறு அவசரத்துக்கு. நேரம் கிடைத்ததும் டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் உள்ளே வேறு காயம் உண்டா என்றும் தெரியும்.

ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. வண்டிக்கு அடியில் சேறு பூசிக்கொண்டு கிடக்கும். நடு ராத்திரி அத்திப்பள்ளி டோலுக்குப் பக்கத்தில் இறக்கினால் அதிலும் காற்று இருக்காது. மாதம் ஒருமுறை மானி வையுங்கள். பின் டயருக்கான காற்றைவிட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூடவே வைத்திருங்கள், முன்னுக்கு மாட்டினால் இறக்கிக்கொள்ளலாம், ராத்திரியில் ஏற்ற முடியாது.

எப்போது கழற்றுவது

1.6 மி.மீ. சட்டத்தின் எல்லை. மழைக்காலம் வருகிறதென்றால் நான் 3 மி.மீ.யிலேயே முன் டயரை மாற்றிவிடுவேன்; தேங்கிய தண்ணீரில் வழுக்கி எவனையாவது இடித்தால் மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு? பக்கச் சுவரில் நுணுக்கமான வெடிப்பு ஓடினாலோ, எங்காவது கொப்புளம்போல வீங்கினாலோ பட்டன் எவ்வளவு இருந்தாலும் அன்றே கழற்றுங்கள்.

ரீட்ரேட், அதாவது தேய்ந்த டயருக்குப் புது பட்டன் ஒட்டுவது, செய்யலாமா என்றால், பின்னுக்கு மட்டும் செய்யலாம். உடம்பு நன்றாக, வெட்டும் வீக்கமும் இல்லாமல் இருக்க வேண்டும். கம்பி தெரியும் வரை ஓட்டிவிட்டுக் கொண்டுபோனால் எந்த நல்ல பட்டறையும் ஏற்காது. முன்னால் ரீட்ரேட் போட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் நான் வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொள்வேன்.

புது டயர் மாட்டும் அன்று பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். பட்டன் மிச்சம் இருக்கிற பழைய டயருக்கு விலை உண்டு. முதலில் புது டயரின் விலையைப் பேசி முடித்து, அதன் பிறகு "பழசுக்கு எஷ்டு?" என்று கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் கடைக்காரர் ஒரு கையில் கொடுப்பதை மறு கையில் வாங்கிக்கொள்வார்.